பேசுவது வேறு, சொல்வது வேறு: பள்ளிப் பிள்ளைகளின் வாய்மொழித் திறனை வளர்க்க ஒரு வழிகாட்டி

என் வகுப்பில் 9 வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். வாய் ஓயாமல் பேசுவான். இடைவேளையில் அவன் குரல்தான் முதலில் கேட்கும். ஒருநாள் மைதானத்தில் ஏதோ சச்சரவு. என்ன நடந்தது என்று அவனைக் கேட்டேன். "அவன் வந்தான். அப்புறம் அதைப் பிடுங்கினான். அப்புறம் இவன் அப்படிச் செய்தான். அப்புறம் எல்லாரும் ஓடினார்கள்" என்றான். வந்தது யார், பிடுங்கியது எதை, 'அப்படி' என்றால் எப்படி? மறுபடியும் கேட்டேன். அதே நான்கு வாக்கியங்கள், இந்த முறை இன்னும் உரக்க. மூன்றாம் முறை கேட்டபோது அழுதுவிட்டான். எதையோ மறைக்கிறான் என்று நினைத்துத் தண்டனையும் கொடுத்தேன். அவன் மீது எந்தத் தவறும் இல்லை என்பது மறுநாள் ஒரு மாணவி கோவையாகச் சொன்ன பிறகே தெரிந்தது.

அவன் பேசத் தெரிந்த பிள்ளை. சொல்லத் தெரியாத பிள்ளை. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை அன்றைக்கு நான் அறிந்திருக்கவில்லை. 5 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கும், புதிதாக வகுப்புக்குள் காலடி வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கும் அந்தத் தூரத்தைக் காட்டுவதும், அதைக் கடக்க என்ன செய்யலாம் என்று சொல்வதும்தான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில்: உச்சரிப்போடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

பிள்ளையின் பேச்சு சரியில்லை என்றதும் பலருக்கும் ழகரம்தான் நினைவுக்கு வருகிறது. 'பழம்' என்று நாக்கை வளைத்துச் சொல்லிவிட்டால் பேச்சு நன்றாக இருப்பதாக நம்பிவிடுகிறோம். ஒலியைச் சரியாக எழுப்புவது வாய்மொழித் திறனில் ஒரு பகுதி மட்டுமே. சொற்களை அறிந்திருப்பது, அவற்றுக்குச் சரியான விகுதியும் வேற்றுமை உருபும் சேர்ப்பது, வாக்கியங்களைக் கோப்பது, அந்த வாக்கியங்களை ஒரு கதையாகவோ விளக்கமாகவோ அடுக்குவது, எதிரில் இருப்பவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று கணித்துப் பேசுவது ஆகிய எல்லாம் அதற்குள் அடங்கும். இவை அத்தனைக்கும் இன்னொரு பக்கம் உண்டு: மற்றவர் சொல்வதைப் புரிந்துகொள்வது.

படிப்பு, எழுத்து ஆகியவற்றுக்கு நிகராக இதையும் ஒரு தனித் திறனாகக் கருத வேண்டும் என்று சொல்லி, அதற்கென ஆங்கிலத்தில் ஒரு புதுச் சொல்லையே 1965இல் உருவாக்கினார் பிரிட்டனைச் சேர்ந்த கல்வியாளர் ஆண்ட்ரூ வில்கின்சன். ஆனாலும் பாட வேளை அட்டவணையில் எழுத்துக்குக் கிடைக்கும் இடம் இதற்கு இன்னும் கிடைப்பதில்லை.

இது படிப்பையும் நேரடியாகத் தொடுகிறது. 1986இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் எளிய கணக்கை முன்வைத்தார்கள். எழுத்தைக் கூட்டி வாசிக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பதுதான் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். இது கூட்டல் கணக்கு அன்று, பெருக்கல். இரண்டில் ஒன்று பூஜ்ஜியமானால் விடையும் பூஜ்ஜியம். பாடத்தைக் கடகடவென்று வாசித்துவிட்டு, கேள்வி கேட்டால் விழிக்கும் பிள்ளையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவனை இன்னொரு முறை வாசிக்கச் சொல்வதால் பெரிய பயன் இல்லை. குறை கண்ணிலோ நாவிலோ இல்லை, மொழியில் இருக்கிறது.

இரண்டு வாரம் திருத்தாமல் கேளுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பிள்ளை பார்க்காத ஒரு படக்கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து இல்லாமல் படம் மட்டும் இருந்தால் இன்னும் நல்லது. நீங்கள் ஒருமுறை கதையைச் சொல்லிவிட்டு, அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். முடிந்தால் கதையைக் கேட்டிராத வேறொருவரிடம் சொல்ல வையுங்கள். உங்களுக்குக் கதை தெரியும் என்பது பிள்ளைக்குத் தெரிந்தால் பாதியை விழுங்கிவிடும். பேச்சைத் தொலைபேசியில் பதிவு செய்து, பிறகு அப்படியே எழுதி வையுங்கள். நடுவில் திருத்தவும் வேண்டாம், சொல் எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம்.

எழுதியதைப் படிக்கும்போது சில விஷயங்கள் பளிச்சென்று தெரியும். ஆளின் பெயரே வராமல் 'அவன்', 'அது', 'இப்படி' என்றே கதை ஓடுகிறதா? வாக்கியங்களை இணைக்க 'அப்புறம்' ஒன்றுதான் இருக்கிறதா, அல்லது 'ஏனென்றால்', 'அதனால்', 'இருந்தாலும்' போன்றவையும் எட்டிப் பார்க்கின்றனவா? 'அவன் வாங்கிய பந்து தொலைந்துவிட்டது' என்று ஒன்றுக்குள் ஒன்றை வைத்துச் சொல்ல வருகிறதா, 'பந்து வாங்கினான், பந்து தொலைந்தது' என்று துண்டு துண்டாகத்தான் வருகிறதா? கதையில் உள்ளவர்கள் என்ன நினைத்தார்கள், ஏன் கோபப்பட்டார்கள் என்பது பற்றி ஒரு சொல்லாவது இருக்கிறதா? 5 வயதில் 'அப்புறம்' தொடர்ந்து வருவது இயல்பு. 9 வயதிலும் அது மட்டுமே இருந்தால் உதவி தேவைப்படுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தமிழ்ப் பிள்ளை வீட்டில் பேச்சு வழக்கில் பேசுகிறது, பாடநூலில் எழுத்து வழக்கைச் சந்திக்கிறது. கதை சொல்லும்போது பேச்சு வழக்கில் சொன்னால் அது பிழை ஆகாது. அது அந்தப் பிள்ளையின் மொழி. பேச்சு வழக்கில் கோவையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்து வழக்கை நாளடைவில் கற்றுக் கொடுத்துவிடலாம். ஒவ்வொரு வினைச்சொல்லையும் நூல்நடைக்கு மாற்றச் சொல்லி இடைமறித்தால் பிள்ளை கதையையே நிறுத்திவிடும்.

புரிகிறதா என்று பார்ப்பது எப்படி

"புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் தலையை ஆட்டும். அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். விளையாட்டுப் போலச் சில வாக்கியங்களைச் சொல்லிச் செய்ய வையுங்கள்.

'விளக்கை அணைப்பதற்கு முன் கதவைச் சாத்து.' சொன்ன வரிசையிலேயே விளக்கை முதலில் அணைத்துவிடும் பிள்ளை 'முன்' என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறது. 'நாயைப் பூனை துரத்தியது. முன்னால் ஓடியது எது?' இதற்கு 'பூனை' என்று பதில் வந்தால் பிள்ளை 'ஐ' உருபைக் கவனிக்காமல், உலக வழக்கத்தை வைத்து ஊகிக்கிறது என்று பொருள். 'மழை பெய்தால் போவோம்', 'மழை பெய்தாலும் போவோம்' இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டுப் பாருங்கள். ஓர் 'உம்' அர்த்தத்தையே புரட்டிப் போடுகிறது. பெரியவர்களான நமக்கு இது கண்ணுக்கே தெரிவதில்லை. தடுமாறும் பிள்ளைக்கு இதுவே சுவர்.

சொல்லாமல் விட்டதைப் பிடிப்பது இன்னொரு படி. 'ஈரக் குடையை மடக்கிவிட்டு அவள் உள்ளே வந்தாள். வெளியே எப்படி இருந்தது?' மழை என்ற சொல் வரவே இல்லை. பிள்ளை அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

'சொன்ன பேச்சைக் கேட்பதில்லை', 'கவனம் இல்லை', 'பிடிவாதம்' என்றெல்லாம் பெயர் வாங்கும் பிள்ளைகளிடம் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்வேன். மூன்று கட்டளைகளை ஒரே மூச்சில் சொன்னால் கடைசி ஒன்று மட்டும் மனத்தில் நிற்கும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் கீழ்ப்படியாதவர்கள் இல்லை.

இனி உங்கள் பேச்சை மாற்றுங்கள்

பிள்ளைக்குப் பயிற்சி கொடுப்பதற்கு முன் பெரியவர் பேசும் விதம் மாற வேண்டும். இதில்தான் அதிகப் பலன் இருக்கிறது; செலவும் இல்லை.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். 1970களில் அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறைகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக 1 விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியதும் மாணவர்களின் பதில் நீண்டது; வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசத் தொடங்கினார்கள். 3 விநாடி அற்பமாகத் தெரியலாம். மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள், அந்த மௌனம் எவ்வளவு நீளமானது என்று தெரியும். சொல்லைத் தேடும் பிள்ளைக்கு அந்த நேரம்தான் ஆதாரம்.

திருத்துவதற்குப் பதிலாகத் திருப்பிச் சொல்லுங்கள். ஒரு சிறுமி என்னிடம் வந்து, "ஊஞ்சல்... நான் விழுந்து... அந்தக் கயிறு அறுந்து..." என்று தொடங்கினாள். 'அறுந்து இல்லை, அறுந்தது என்று சொல்' என்றிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். "அடடா, கயிறு அறுந்ததால் விழுந்துவிட்டாயா?" என்றேன். "ஆமாம், அறுந்ததால் விழுந்துவிட்டேன். முட்டியில் அடி" என்று அவள் தொடர்ந்தாள். அவள் சொல்ல வந்ததையே முழு வாக்கியமாக, காரணத்தோடு கோத்துத் திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான். எல்லா முறையும் பிள்ளை அதை எடுத்துக்கொள்ளாது. எடுத்துக்கொள்ளும்படி வற்புறுத்தவும் கூடாது. பலமுறை காதில் விழுந்த பிறகு ஒருநாள் தானாக வரும்.

"இன்று பள்ளியில் என்ன நடந்தது?" என்று கேட்காதீர்கள். "ஒன்றும் இல்லை" என்றுதான் பதில் வரும். ஒரு நாள் முழுவதையும் சுருக்கிச் சொல்வது மிகக் கடினமான மொழி வேலை. முதலில் நீங்கள் உங்கள் நாளிலிருந்து ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுங்கள்: "இன்று பஸ்ஸில் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. பதறிப் போனேன்." பிறகு சும்மா இருங்கள். பிள்ளையிடமிருந்து ஒரு கதை கிளம்பி வரும். அது உடனே வராமல் இரவு படுக்கையில் வந்தாலும் வரும். விடை தெரிந்துகொண்டே கேட்கும் கேள்விகளைக் குறைத்து, உண்மையிலேயே உங்களுக்கு விடை தெரியாத கேள்விகளைக் கேளுங்கள்.

பிள்ளையின் காதில் எத்தனை சொற்கள் விழுகின்றன என்பதைவிட, பேச்சு எத்தனை முறை மாறி மாறிப் போகிறது என்பது முக்கியம். 4 முதல் 6 வயது வரையிலான பிள்ளைகளிடம் செய்து 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, இப்படி மாறி மாறிப் பேசுவதற்கும் மொழித் திறனுக்கும் மூளையின் மொழிப் பகுதியின் இயக்கத்துக்கும் தொடர்பைக் காட்டியது. குடும்பத்தின் வசதி எப்படி இருந்தாலும் அந்தத் தொடர்பு தெரிந்தது. ஓடிக்கொண்டிருக்கும் டி.வி. இந்தக் கணக்கில் சேராது.

கதைக்கு ஓர் எலும்புக்கூடு

கோவையாகச் சொல்லப்படும் கதைகளுக்கு ஒரு பொதுவான அமைப்பு உண்டு. யார், எங்கே, என்ன சிக்கல் வந்தது, அப்போது மனத்தில் என்ன தோன்றியது, என்ன செய்தார், என்ன விளைந்தது, கடைசியில் எப்படி உணர்ந்தார். 1970களிலேயே ஆய்வாளர்கள் இதைப் பிரித்துக் காட்டிவிட்டார்கள். இந்த ஏழு பகுதிகளையும் ஏழு சின்னக் கோட்டோவியங்களாக ஓர் அட்டையில் வரைந்துகொள்ளுங்கள். ஓவியம் அழகாக இருக்கத் தேவையில்லை. முகம் ஒன்று, வீடு ஒன்று, இடி விழுவதுபோல் ஒரு கோடு, நினைப்புக்கு ஒரு மேகம் என்று இருந்தால் போதும்.

அந்த 9 வயதுச் சிறுவனோடு நான் இதைத்தான் செய்தேன். தினமும் 10 நிமிடம், வகுப்பு தொடங்கும் முன். முதலில் அட்டையைக் காட்டி நான் ஒரு கதை சொல்வேன். அடுத்த நாள் இருவரும் சேர்ந்து சொல்வோம். மூன்றாம் நாள் அவன் விரலை ஓவியத்தின் மேல் வைத்தபடி தனியாகச் சொல்வான். ஒரே ஒரு விதி வைத்திருந்தோம்: பெயரைச் சொல்வதற்கு முன் 'அவன்' என்று சொல்லக் கூடாது. மேகப் படம்தான் அவனுக்கு மலையாக இருந்தது. கதையில் வருபவன் என்ன நினைத்தான் என்ற இடத்தில் பல வாரம் விரல் அப்படியே நின்றுவிடும். நான் "ஒருவேளை அவன் பயந்திருப்பானோ?" என்பேன், தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவான். நான்கு மாதம் கழித்து ஒரு காலையில், நான் கேட்காமலே, "தம்பி என் பென்சிலை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் தேடித் தேடிப் பார்த்தேன். அவன்தான் எடுத்திருப்பான் என்று நினைத்தேன், ஆனால் அம்மாவிடம் சொல்லவில்லை, ஏனென்றால் அவனை அடிப்பார்கள்" என்றான். அன்றைய தேதியை இன்னும் என் நோட்டில் வைத்திருக்கிறேன்.

கேட்பவருக்கு என்ன தெரியாது என்பதை உணர வைக்க ஒரு விளையாட்டும் கைகொடுக்கும். இருவருக்கும் நடுவில் ஒரு தடுப்பை வையுங்கள். ஒரு பிள்ளை தன் படத்தை விவரிக்க, மற்ற பிள்ளை பார்க்காமல் வரைய வேண்டும். 'அதை அங்கே போடு' என்று சொன்னால் என்ன ஆகும் என்பதைத் தடுப்பை எடுத்ததும் அந்தப் படமே காட்டிவிடும். பெரியவர் திருத்த வேண்டிய வேலையே இல்லை.

சொற்கள்: எண்ணிக்கையைவிட ஆழம்

வாரத்துக்கு 20 சொல் மனப்பாடம் செய்ய வைப்பதைவிட மூன்று சொல்லை ஆழமாகப் பழக்குவது மேல். 'தயங்கு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அகராதிப் பொருளைச் சொல்லி நகர்ந்துவிடாமல், நடித்துக் காட்டுங்கள்: வாசலில் ஒரு காலை உள்ளே வைத்து, பிறகு பின்னால் எடுங்கள். 'நீ எப்போது தயங்கினாய்?' என்று கேளுங்கள். பயப்படுவதற்கும் தயங்குவதற்கும் என்ன வேறுபாடு என்று பேசுங்கள். தயக்கம், தயங்காமல், தயங்கித் தயங்கி என்று அதன் குடும்பத்தை அறிமுகம் செய்யுங்கள். அந்த வாரம் முழுவதும் நீங்களே அந்தச் சொல்லை வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் பயன்படுத்துங்கள்.

கேள்வித்தாளில் வரும் ஏவல் சொற்களையும் மறந்துவிடாதீர்கள். 'ஒப்பிடுக', 'விவரிக்க', 'வேறுபடுத்துக', 'காரணம் கூறுக' ஆகியவை என்ன செய்யச் சொல்கின்றன என்றே தெரியாமல் பல பிள்ளைகள் மதிப்பெண் இழக்கிறார்கள். இவற்றை முதலில் வாய்மொழியாகச் செய்ய வைத்துப் பழக்குங்கள்.

வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தொடர்ந்து புத்தகம் வாசித்துக் காட்டுங்கள். தானாக வாசிக்க முடிவதைவிடக் கடினமான மொழியைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ள இந்த வயதில் முடியும். நடுவில் நிறுத்தி, "இனி என்ன செய்வாள் என்று நினைக்கிறாய்?" என்று பிள்ளையைப் பேச வைத்து, அது சொன்னதோடு ஒரு துண்டைச் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். 1988இல் குரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளர் மிகச் சிறு குழந்தைகளின் பெற்றோருக்கு இப்படி வாசிக்கக் கற்றுக் கொடுத்து, ஒரே மாதத்தில் குழந்தைகளின் பேச்சில் முன்னேற்றத்தைக் கண்டார். பெரிய பிள்ளைகளுக்குக் கேள்விகளின் கனத்தைக் கூட்டிக்கொண்டால் போதும்.

வகுப்பறையில்

கை உயர்த்தச் சொல்வதற்கு முன் பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேச விடுங்கள். கட்டளைகளைத் துண்டாக்கிக் கொடுத்து, கரும்பலகையிலும் எழுதுங்கள். எழுத்து வேலைக்கு முன் அதே விஷயத்தை வாயால் சொல்ல வையுங்கள். வாயில் வராத வாக்கியம் பேனாவில் வராது.

இரண்டு மொழிகளும் உதவி தேடும் நேரமும்

வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி என்று இருந்தால், வீட்டு மொழியை விட்டுவிடும்படி யாராவது அறிவுரை சொல்லக்கூடும். அதைக் கேட்காதீர்கள். இரு மொழிச் சூழல் மொழிக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை. உண்மையான குறைபாடு இருந்தால் அது இரண்டு மொழியிலும் தெரியும். பள்ளி மொழியில் மட்டும் தடுமாறி, வீட்டு மொழியில் தெளிவாகக் கதை சொல்லும் பிள்ளைக்குத் தேவை நேரமும் பழக்கமும்தான்.

'வளர வளரச் சரியாகிவிடும்' என்ற ஆறுதல் 2 வயதுக் குழந்தைக்குப் பல நேரம் பொருந்தும். 5 வயதைத் தாண்டியும் தெளிவான சிக்கல் இருந்தால் அது தானாக மறைவது அரிது. அறியப்பட்ட மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமல் மொழி பின்தங்கும் நிலைக்கு, டாரத்தி பிஷப் முன்னின்று நடத்திய நிபுணர் குழு 2017இல் 'வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு' என்று பொருள்படும் பெயரைப் பரிந்துரைத்தது. இங்கிலாந்தில் செய்து 2016இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, பள்ளியில் சேரும் வயதில் சுமார் 7 சதவீதப் பிள்ளைகளுக்கு இது இருப்பதாகக் கண்டது. 30 பேர் உள்ள வகுப்பில் ஏறக்குறைய இருவர். அவர்களில் பலரும் யார் கண்ணிலும் படாமல் 'மந்தம்' என்ற பெயரோடு பள்ளியைக் கடக்கிறார்கள். அது என்னைத் தூங்கவிடாத எண்ணிக்கை.

முதல் வேலை, காதுப் பரிசோதனை. நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டால் கேட்கும் திறன் கூடிக் குறைந்து மாறும். பிள்ளை ஒருநாள் கேட்கும், ஒருநாள் கேட்காததுபோல் இருக்கும். அடுத்து பேச்சு மொழிச் சிகிச்சையாளர், அதாவது ஸ்பீச் தெரபிஸ்ட். வெளியாருக்குப் பிள்ளையின் பேச்சு விளங்காமல் இருந்தாலும், எளிய கட்டளைகளே புரியாமல் போனாலும், சில மாத முயற்சிக்குப் பிறகும் கதையில் மாற்றம் தெரியாவிட்டாலும் தள்ளிப் போடாதீர்கள். திக்கும் பிள்ளையின் சொல்லை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். 'மெதுவாகப் பேசு' என்றும் சொல்லாதீர்கள். பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருங்கள், சிகிச்சையாளரிடமும் காட்டுங்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை இழந்தால் அது மருத்துவர் உடனே பார்க்க வேண்டிய விஷயம்.

போகும்போது நோட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தேதியிட்ட இரண்டு மூன்று கதைகள், எந்த வாக்கியம் புரிந்தது, எது புரியவில்லை என்ற குறிப்பு, வீட்டில் யார் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்ற விவரம், காதுப் பரிசோதனையின் அறிக்கை ஆகியவை இருந்தால் சிகிச்சையாளரின் முதல் மணி நேரம் வீணாகாது. வீட்டில் செய்ய வேண்டியதை வாயால் கேட்டுக்கொண்டு மட்டும் திரும்பிவிடாதீர்கள். சிகிச்சையாளரை ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். பிறகு அவர் எதிரிலேயே நீங்கள் உங்கள் பிள்ளையோடு அதைச் செய்யுங்கள், அவர் பார்த்துச் சொல்லட்டும்.